கோரன் ஆற்றின் பழைய துறை

இரும்புச் சட்டை மாட்டிவிடுவது லேசான வேலை இல்லை, சாமி. ஈரத்தில் தோல் வார்கள் விறைத்துப்போகும், விரல்கள் மரத்துவிடும். சர் மாலிஸுக்கு இருபது வருஷம் அதைச் செய்தவன் நான். வேறு யாரையும் அவர் தன் முதுகுப்பக்கம் நிற்கவிட்டதில்லை. அவர் என் அம்மாவிடம் பால் குடித்து வளர்ந்தவர். எங்கள் மலைப்பக்கம் அது கூடப்பிறந்ததைவிட ஒருபடி மேல்.

அவர் வீரத்தை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமென்பதில்லை. ஆங்கிலேயரிடமிருந்து மூன்று கோட்டைகளை மீட்டார். அவர்கள் கையில் ஒரு பிடி தானியமும் சிக்கக் கூடாதென்று எங்கள் வயல்களையே கொளுத்தச் சொன்னார். நான்தான் தீ வைத்தேன். அந்தக் குளிர்காலத்தில் என் இரண்டு பெண்களும் பசியில் போய்விட்டார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. போர் என்றால் அப்படித்தான்.

பனி உருகும் சமயத்தில் ஆங்கிலேயர் தூது அனுப்பினார்கள். சர் மாலிஸ் அவர்கள் மன்னனுக்கு மண்டியிட்டால் பள்ளத்தாக்கை விட்டுவிடுவார்களாம், நாங்கள் நிம்மதியாக விதைக்கலாமாம். அவர் சம்மதித்துவிட்டார்.

"போதும்டா டூகல். இன்னும் எத்தனை பிள்ளைங்களைப் புதைக்கறது?"

"அப்ப என் பிள்ளைங்க எதுக்குண்ணே போச்சு?"

"என் தப்புதான்டா. அதுங்க வீணாப் போயிடுச்சு" என்று சொல்லி அழுதார். நான் அவருக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். நல்ல மனிதர்.

மறுநாள் காலை அவருடைய இரும்புச் சட்டையின் இடுப்பு வாரில் இரண்டு முடிச்சு அதிகமாகப் போட்டேன்.

"என்னடா இந்த இறுக்கு இறுக்குற? தொப்பை விழுந்துடுச்சுன்னு கிண்டலா?"

"அவனுங்க முன்னாடி தொளதொளன்னு போய் நின்னா நல்லாவா இருக்கும்ணே?"

சிரித்தார்.

தூதர்கள் அக்கரையில் மேட்டுக்கு அப்பால் காத்திருந்தார்கள். எங்கள் ஆட்களைக் குன்றுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு நாங்கள் இருவர் மட்டும் ஆற்றுக்கு இறங்கினோம். ஆற்றைக் கடக்கும் பழைய துறையில் அடியிலிருந்த கூழாங்கற்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. விடியும்போதே போய் என் ஈட்டியை விட்டுப் பார்த்திருந்தேன், தரை தட்டவில்லை. "குதிரைக்கு முட்டியளவுதான்ணே தண்ணி" என்றேன். அவர் மறுபடி கேட்காமல் குதிரையை உள்ளே இறக்கினார்.

குதிரை நீந்திக் கரையேறிவிட்டது. அவர் ஒரு தடவை மேலே வந்தார். கை இடுப்பு முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தது. "அவுத்து விடுடா" என்றார். ஈட்டியை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும். நீட்டவில்லை.

வளைவில் உடல் ஒதுங்கியதும் ஆங்கிலேயர் அம்பு ஒன்றைக் கழுத்தில் செருகினேன். அது எங்களிடம் நிறையக் கிடந்தது. பிறகு ஆட்களைக் கூப்பிட்டேன். மதியத்துக்குள் தூதர்கள் பதினோரு பேரையும் எங்கள் ஆட்கள் வெட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். போர் திரும்ப வந்தது, விதைப்பு இல்லை, பள்ளத்தாக்கில் இப்போது அடுப்புப் புகையே இல்லை. ஆனால் அவர் பெயர் கெடவில்லை. மண்டியிட்டவன் என்று இனி யாரும் அவரைச் சொல்ல முடியாது. எல்லாம் அவருக்காகத்தான் செய்தேன்.

அவருடைய கடைசி மகன் முந்தாநாள் பசியில் இறந்தான். அவன் அம்மா மரியோட்டாவுக்குக் குழி வெட்டத் தெம்பில்லை. நானே வெட்டினேன், என் பெண்களுக்குப் பக்கத்திலேயே. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அவர்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை, சாமி.