ஆறு புள்ளி ஒன்று

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது, அய்யா. முப்பத்தெட்டு வருஷமாக முதுகு சாய்க்க இடமில்லாத முக்காலியில் உட்கார்ந்து பழகியவனுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். தேநீருக்கும் நன்றி. நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை. களைப்புதான் இருக்கிறது.

என் பெயர் ஒமுர்சாக். துமான்பெல் கணவாயில் இருக்கும் வானோக்கு நிலையத்தில் மூத்த பார்வையாளன். நாங்கள் மேலே மூன்றே பேர். நான், என்னைவிடப் பதினேழு வயது இளையவனான குபானிச், சமையலுக்குப் பூருல். இப்போது இரண்டு பேர் என்று சொல்ல வேண்டும், மன்னியுங்கள், நாக்குக்கு இன்னும் பழகவில்லை.

எங்கள் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். அந்தந்த மாதம் வானத்தில் தெரிகிற வால்வெள்ளிகளின் பட்டியல் தலைநகரத்திலிருந்து வரும். ஒவ்வொன்றும் எவ்வளவு ஒளியோடு இருக்கிறது என்று கண்ணால் பார்த்து ஓர் எண் எழுத வேண்டும். அவ்வளவுதான். எண் குறையக் குறைய ஒளி கூடுதல் என்று அர்த்தம்; ஆறைத் தாண்டினால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. வால்வெள்ளி ஒரு மங்கல் திட்டு. பக்கத்து நட்சத்திரத்தைக் குவியம் தப்பவிட்டு அதே அளவு திட்டாக்கி, இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து, எது தூக்கல் என்று முடிவு செய்ய வேண்டும். கருவிகள் இதைவிடத் துல்லியமாகச் செய்யும் என்கிறார்கள். செய்யட்டும். நூறு வருஷத்துக்கு முந்தைய எண்களோடு ஒப்பிட மனிதக் கண் போட்ட எண்தான் வேண்டும். அந்த வகையில் என் எண்களின் வரிசை இந்தப் பக்கத்து மலைகளிலேயே நீளமானது. நான் சொல்லவில்லை, தலைநகரத்தில் சொல்வார்கள்.

ஒருவர் எண் இன்னொருவரைப் பாதிக்கக் கூடாது என்பதற்காக எங்களிடம் ஓர் ஏற்பாடு உண்டு. இரண்டு தேநீர் டப்பாக்கள். பார்த்து முடித்ததும் ஆளுக்கொரு சீட்டில் எண்ணை எழுதி அவரவர் டப்பாவில் போட வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகுதான் திறக்க வேண்டும். எனக்கும் குபானிச்சுக்கும் வித்தியாசம் ஒரு புள்ளி, அதாவது பத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு புள்ளி. பூருல் பரிமாறிக்கொண்டே சொல்வாள்:

"வாலு முளைச்ச நட்சத்திரத்துக்குக் குடுக்குற மரியாதைல கால்வாசி என் நூடுல்ஸுக்குக் குடுங்கப்பா. ஆறிப் போச்சு. எத்தன மார்க்குன்னு அப்புறமா எழுதிக்கலாம்."

"நூடுல்ஸுக்கு ஆறு புள்ளி அஞ்சு, அக்கா," என்பான் குபானிச். "வெறுங்கண்ணுக்குக் கறி தெரியல."

அவனுக்கு அப்படி ஒரு வாய்.

இனி அந்த விளக்கைப் பற்றி. இருட்டுக்குக் கண் பழக முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஒரு ஜீப்பின் முன்விளக்கு பட்டால் அத்தனையும் பாழ். அதனால் நாங்கள் பார்வையில் இருக்கும்போது வாசல் கம்பத்தில் சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு சின்ன விளக்கு எரியும். அது எரிந்தால் வானம் திறந்திருக்கிறது, மேலே கண்கள் விழித்திருக்கின்றன என்று பொருள். ஏறி வருகிற வண்டி, சாலையோரத்து வெள்ளைக் கல்லருகே முன்விளக்கை அணைத்துவிட்டு, முதல் கியரில், அந்தச் சிவப்பை நேராகப் பார்த்து ஊர்ந்து வர வேண்டும். இருநூறு அடி தூரம். இடது பக்கம் பள்ளம். தடுப்புச் சுவர் கிடையாது, தேவைப்பட்டதும் இல்லை. விளக்கை நோக்கி வந்தால் வாசல் வரும். விளக்கு எரியாவிட்டால் மேகமூட்டம் என்று பொருள், தாராளமாக வெளிச்சத்தோடு வரலாம். இருபது வருஷம் குபானிச் இப்படித்தான் வந்தான். கண்ணை மூடிக்கொண்டு வருவேன் என்று பெருமையடிப்பான். உண்மையில் அப்படித்தான் வந்துகொண்டிருந்தான்.

என் கண்ணில் புரை விழுந்து மூன்று வருஷமாகிறது. முதலில் மங்கலான வால்வெள்ளிகள் போயின, பிறகு எல்லாம். உங்கள் முகம் எனக்கு வெளுத்த ஒரு வட்டம், அய்யா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மலை காலுக்குப் பழக்கமானது என்பதால் நடமாட்டத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. வேலையையும் விடவில்லை. முந்தைய நாள் எண் தெரியும். சூரியனுக்கு எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று தெரியும். மிச்சத்தைக் குபானிச்சிடமிருந்து எடுத்துக்கொண்டேன். எதிர்பார்த்ததைவிட ஒளி கூடியிருந்தால் அவன் தொண்டைக்குள் ஒரு "ம்ம்" போடுவான். மங்கியிருந்தால் நெடுநேரம் எழுந்திருக்க மாட்டான். இவற்றை வைத்து நான் போட்ட எண்கள் எதுவும் இரண்டு புள்ளிக்கு மேல் பிசகியதில்லை. இதை ஏமாற்று என்று நீங்கள் சொல்லலாம். அனுபவம் என்றும் சொல்லலாம்.

செப்டம்பர் கடைசியில் மேற்கே ஒரு வால்வெள்ளி வந்தது. பொழுது சாய்ந்தபின் முப்பத்தைந்து நிமிஷம் தெரியும், பிறகு முகட்டுக்குப் பின்னால் இறங்கிவிடும். ஒரு மாலை குபானிச் பெரிய இரட்டைக்குழல் தொலைநோக்கியை, அதன் மேலிருக்கும் சின்னக் குழல் வழியாகக் குறிவைத்துத் திருப்பினான். கையுறையை மறந்துவிட்டேன், நீங்கள் முதலில் பாருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். நான் உட்கார்ந்து பார்த்தேன். வழக்கம்போல் கறுப்பு. கொஞ்ச நேரம் கண்ணை வைத்திருந்துவிட்டு எழுந்து, சீட்டு எழுதி என் டப்பாவில் போட்டேன். அவன் வந்து பார்த்தான், ஏதோ செய்தான், மறுபடி பார்த்துவிட்டுத் தன் சீட்டை எழுதினான்.

சாப்பாட்டுக்குப் பிறகு டப்பாக்களைத் திறந்தோம். என் சீட்டில் ஆறு புள்ளி நான்கு, அரைப்பாகை வால். பூருல் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்வரை அவன் காத்திருந்தான்.

"அண்ணே, வாலு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"மேலே, கொஞ்சம் கிழக்கா."

"கரெக்டாத்தான் இருக்கு," என்றான். "ஆனா மூடி போட்டிருந்துச்சேண்ணே. ரெண்டு குழல்லயும். கழட்ட மறந்துட்டு நான் பாட்டுக்கு உள்ள போயிட்டேன்."

நான் என் சீட்டை மடித்து டப்பாவுக்குள் திரும்பப் போட்டேன்.

"எத்தன நாளா?"

"மூணு வருஷம்."

அவன் விரல்விட்டு எண்ணினான். மூன்று வருஷத்தில் பதினான்கு வால்வெள்ளிகள். கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் அழுதான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"உங்க நம்பர் என்னோடதோட ஒத்துப்போகாத அன்னிக்கெல்லாம் தூங்காம கெடந்திருக்கேன். என் கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சேன். போன வருஷம் டவுனுக்குப் போயி கண்ணு டெஸ்ட் பண்ணிட்டு வந்தேனே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தான். புரைக்கு ஆபரேஷன் அரை மணி நேர வேலை, அவனே போய் நாள் வாங்கிவருவான், வசந்தத்துக்குள் இரண்டு கண்ணும் பளிச்சென்று ஆகிவிடும்.

"ஆனா அந்த மூணு வருஷத்தையும் வரிசையிலேர்ந்து எடுத்துரணும்ணே. நீங்களே எழுதிக் குடுத்துடுங்க, அதான் மரியாதை. உங்களால முடியலன்னா நான் எழுதறேன்."

"மூணு வருஷம் பொய்யின்னா மத்த முப்பத்தஞ்சையும் யாரு நம்புவா?"

"நம்பாட்டி போறாங்க. நட்சத்திரத்துக்கு ஒண்ணும் ஆகாது."

அவன் எளிதாகச் சொல்லிவிட்டான். எனக்குக் குழந்தை கிடையாது. மனைவி போய்ப் பதினோரு வருஷம். அந்த வரிசை ஒன்றுதான் நான் இருந்ததற்கு அடையாளம். பனியில் காது மரத்து, இரண்டு கால்விரலை இழந்து, பதினாறாயிரத்துச் சொச்சம் எண்கள். அவற்றை ஒரே கடிதத்தில் குப்பையாக்கிவிட்டு அதற்கு மரியாதை என்று பெயர் வைத்தால், கேட்பவனுக்கு எப்படி இருக்கும்? நியாயமாக யோசித்துப் பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை ஜீப்பை எடுத்துக்கொண்டு அவன் கீழே போனான். வெள்ளிக்கிழமை பிற்பகல், சிக்னல் கிடைக்கிற கடைசி ஊரிலிருந்து நிலையத்துக்குப் போன் செய்தான்.

"அண்ணே, எல்லாம் முடிஞ்சுது. ஏழு மணிக்கெல்லாம் வந்துருவேன். கீழ ஒரே மேகம், மேல எப்படி?"

"தெளிவா இருக்கு," என்றேன். "விளக்குப் போட்டிருப்பேன், பாத்து வா."

"குடுத்துவச்சவங்கண்ணே நீங்க," என்று சிரித்தான்.

எல்லாம் முடிந்தது என்றானே, கடிதத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். அலுப்பாக இருந்தது.

இருட்டியதும் விளக்கை ஏற்றினேன், விதிப்படி. வாசல் கம்பத்தில் இருந்தால் அதன் ஒளி என் இடது கண்ணில் பூப்பூவாய்ச் சிதறும், புரை விழுந்தவர்களுக்கு அது ஒரு தொல்லை. எனவே கழற்றி, பழைய ஆட்டுப்பட்டியின் கம்பத்தில் மாட்டினேன். ஏறி வருகிறவனுக்கு இடது பக்கம், பள்ளத்தை ஒட்டி, இருபத்திரண்டு தப்படி. பூருலிடம் ஜன்னலை மூடச் சொன்னேன், டார்ச்சோடு வெளியே வரக் கூடாது என்றும் சொன்னேன். அவளுக்கு அது புதிதில்லை. பிறகு தொலைநோக்கிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

ஏழு பத்துக்கு ஜீப்பின் சத்தம் கேட்டது. வெள்ளைக் கல்லருகே வந்து முன்விளக்கை அணைத்தான். அந்த அளவு வெளிச்சம் மாறுவது எனக்கும் தெரியும். முதல் கியருக்கு மாற்றினான். அவன் நல்ல ஓட்டுநர், சிவப்பை விட்டு ஓர் அடிகூட விலகவில்லை.

சத்தம் கேட்டுப் பூருல் உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்: "என்னது அது, அண்ணா?"

"கல்லு உருளுது," என்றேன். எங்கள் மலையில் கல் உருளாத நாள் இல்லை.

அவன் உடனே இறக்கவில்லை. உங்கள் மருத்துவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். பள்ளத்திலிருந்து கூப்பிட்டான். "அண்ணே, லைட்டு. லைட்டைப் போடுங்கண்ணே." மூன்று தடவை தெளிவாகவும், பிறகு தெளிவில்லாமலும். வால்வெள்ளி இறங்கும்வரை வெள்ளை வெளிச்சம் கூடாது என்பது விதி. நான் எழுதிய விதி இல்லை அது, எனக்கு முன்னாலேயே இருந்தது. ஏழு முப்பத்தெட்டுக்கு இறங்கும் நேரம். அதுவரை உட்கார்ந்திருந்தேன். விளக்கைப் பழைய கம்பத்துக்கு மாற்றிவிட்டுத்தான் பூருலைக் கூப்பிட்டேன், அவள்தான் முதலில் கீழே இறங்கினாள். முழங்கால் எனக்கு ஒத்துழைப்பதில்லை.

ஜீப்பில் கிடைத்தவற்றை நேற்று மேஜையில் வைத்துக் காட்டினீர்கள். ஆஸ்பத்திரி சீட்டு, என் பெயரில், நவம்பர் பதினான்கு வலது கண், டிசம்பர் இரண்டு இடது கண். சொட்டு மருந்து இரண்டு புட்டி. எனக்குப் பிடிக்கும் என்று எலுமிச்சை அரை கிலோ. கடிதம் எதுவும் இல்லை. தலைநகரத்தில் விசாரித்ததில் அவன் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை என்றும் சொன்னீர்கள். எனக்காகக் காத்திருந்திருக்கிறான் போல. நானே எழுதினால்தான் மரியாதை என்றானே. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இந்தக் களைப்பு. உங்கள் தேநீரில் எலுமிச்சை வாசனை வருகிறது, அதனால்தான் குடிக்கவில்லை.

பூருல் என்ன சொன்னாள் என்பதையும் படித்துக் காட்டினீர்கள். வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்தே மேலேயும் மேகம், மத்தியானத்துக்கு மேல் தூவானப் பனி, நட்சத்திரம் ஒன்றுகூடத் தெரியவில்லை என்று. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆமாம், விளக்கு ஏற்ற வேண்டிய மாலையே இல்லை அது. பனி என் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது, எனக்கும் தெரியும். அவனைக் கொல்லத்தான் ஏற்றினேன், அதற்குத்தான் நகர்த்தினேன். கண்ணில் சிதறியது என்று முன்னே சொன்னதை அடித்துவிடுங்கள். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எந்த இடத்தில் என்று மட்டும் என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டுங்கள்.

பதிலுக்கு ஒன்று கேட்கிறேன். அன்றைய டப்பாக்களைத் தடயம் என்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். என் சீட்டில் ஆறு புள்ளி ஒன்று என்று இருக்கும். அதை வரிசையிலிருந்து அடிக்க வேண்டாம். மேகம் இல்லாதிருந்தால் அது ஆறு புள்ளி ஒன்றாகத்தான் இருந்திருக்கும். வானம் திறந்திருந்த வேறு ஊர்களில் அன்று என்ன எழுதினார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

குபானிச்சின் டப்பாவிலும் ஒரு சீட்டு இருக்கிறது. அதில் உள்ள கையெழுத்து யாருடையது என்று கேட்டீர்கள். என்னுடையதுதான், போன் வைத்தவுடன் எழுதினேன். ஆறு புள்ளி இரண்டு என்று போட்டேன், அவன் எப்போதும் என்னைவிட ஒரு புள்ளி மங்கலாகத்தான் பார்ப்பான்.