அண்ணன் கல்

நம்ம பாட்டன்மாருக்கு மீசை முளைக்காத காலத்துல, இதே கீழமருதடியில அண்ணன் தம்பி ரெண்டு பேரு இருந்தாகளாம். மூத்தவரு காந்திமதிநாத பிள்ளை. இளையவன் செண்பகராமன். ஏலே, அங்க என்ன பேச்சு? பிறகு எங்கிட்ட வந்து மறுபடியும் கேக்கப்படாது.

மூத்தவரு பட்டணத்துக்குப் போயிச் சட்டம் படிச்சாரு. வடமொழிச் சாஸ்திரமும் தெரியும், வெள்ளைக்காரன் சட்டமும் தெரியும். ரெண்டையும் சேத்து, நம்மளை மாதிரி ஆளுகளுக்கும் விளங்குற தமிழ்ல புஸ்தகம் எழுதுனாராம். சமஸ்தானத்து ராசா கூப்பிட்டு, திவானா வச்சுக்கிட்டாரு. அதுக்கு முந்தியெல்லாம் திவானோட மச்சினன் கொலையே பண்ணுனாலும் வெத்தலை போட்டுக்கிட்டு வெளிய வந்துருவானாம். இவரு வந்து ஒரு சட்டம் போட்டாரு. பெரிய உத்தியோகம் பாக்குற எவனும் தன் ரத்த உறவு வழக்குல வாயைத் தொறக்கப்படாது. ஊரே கொண்டாடுச்சு. நல்ல சட்டந்தான், யாரு இல்லைன்னா?

இளையவன் இங்க ஆத்தா, பொஞ்சாதி, மகனோட இருந்து வயக்காட்டைப் பாத்தான். மடைத் தண்ணியை மறிச்ச தாசில்தாரோட அவனுக்குச் சண்டை. அண்ணங்கிட்ட முறையிடலாம்னு வண்டி கட்டிப் போனான். தம்பி சிபாரிசுக்கு வந்தான்னு நாலு பேரு சொல்லிருவாகளேன்னு, அண்ணன் அவனைக் கொல்லைவாசல் வழியாக் கூப்பிட்டாரு. கூட உக்காந்து சாப்பிட்டாரு. என்னால ஆகாதுன்னு சொல்லி, அதே வாசல் வழியாவே அனுப்பிட்டாரு. பாத்தவுக யாருமில்ல. அவன் அங்க இருந்த அதே சாயங்காலந்தான் இங்க தாசில்தாரை யாரோ குத்திப் போட்டாக.

சண்டை போட்டவன் அவன்தானே, பிடிச்சுட்டாக. எங்க அண்ணங்கூட இருந்தேன்னு அவன் கதறுனான். அண்ணன் வந்து பேசச் சட்டம் விடலை. சாட்சியில்லாத வழக்கு, தானா விழுந்துரும்னு அவரு நெனச்சாராம். படிச்ச புத்தி. ஆனா, பாத்தோம்னு ரெண்டு பேரு பொய்ச்சத்தியம் பண்ணிட்டானுக. தூக்குன்னு தீர்ப்பாயிருச்சு.

ஆத்தா ஆவுடையம்மா நடந்தே போனா மகன் வீட்டுக்கு. முன்வாசல் வழியாத்தான் போனா. அவன் இங்க இருந்தானா இல்லையான்னு கேட்டா. இருந்தான்னாரு. அப்பச் சொல்லேன்டான்னா.

"நானே என் சட்டத்தை மீறுனா, நாளைக்கு எல்லாத் திவானும் மீறுவாகம்மா."

"உனக்குச் சட்டம் பிள்ளை. எனக்கு அவந்தான்டா பிள்ளை."

ஆத்தா அங்க பச்சைத்தண்ணி குடிக்காமத் திரும்பிட்டா.

தூக்கு ஓலை ராசா கையெழுத்துக்கு வந்துச்சு. கொண்டு போயி வைக்கிறது யாரு? திவான்தான். ராசா எழுதுகோலைக் கீழ வச்சுட்டு, "பிள்ளைவாள், ஒரு வார்த்தை சொல்லும், இதை நான் கிழிச்சுப் போடுதேன்"னாராம். பிள்ளைவாள் வாயைத் தொறந்து மூடுனாருன்னு சில பேரு சொல்லுவாக. தொறக்கவே இல்லைன்னும் சொல்லுவாக. எப்படியோ, சத்தம் வரலை. ராசா கையெழுத்துப் போட்டாரு. என்ன மனுசன்யா அவரு! எனக்கு இன்னும் மனசு ஆறமாட்டேங்குது.

செண்பகராமனைத் தூக்குல போட்டாக. போட்ட பிறகு பிள்ளைவாள் உத்தியோகத்தை விட்டுட்டு ஊருக்கு வந்தாரு. ஆத்தா கதவைத் தொறக்கலை. சாகுறப்பவும், என் கொள்ளியை இளையவன் மகன் வைக்கட்டும்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடுனா. மூத்த மகன் கூட்டத்தோட கூட்டமா நின்னு பாத்துட்டுப் போனாரு.

பிறகு அவரு இருந்ததெல்லாம் ஊர்க்கூட்டம் போடுற மருதமரத்தடியில, ஒரு கல்லு மேல. போறவன் வாறவனையெல்லாம் கூப்பிட்டு, "தம்பி அன்னைக்கு எங்கூடத்தான் இருந்தான், நான் சாட்சி"ம்பாராம். சந்தைக்குப் போறவகிட்டயும் சொல்லுவாரு, ஆடு மேய்க்கிறவன்கிட்டயும் சொல்லுவாரு. சாகுற வரைக்கும் சொன்னாரு.

அதான் அந்தக் கல்லுக்கு அண்ணன் கல்லுன்னு பேரு. வேற ஊருல சொந்தக்காரன் சாட்சி எடுபடாது. நம்ம ஊர்க்கூட்டத்துல பழி விழுந்தவனோட கூடப்பிறந்தவனை அந்தக் கல்லுல உக்காத்தி, அவன் பேச்சைக் கேட்டுட்டுத்தான் மத்தவன் பேச்சு. கூடப்பிறந்தவன் வரலைன்னா, வாற வரைக்கும் தீர்ப்பு கிடையாது. உக்காந்தவன் செண்பகராமன் பேரைச் சொல்லித்தான் தொடங்கணும். திவான் பேரை அங்க யாரும் சொல்றதில்லை.