“நமக்குக் கோல் விழாது” என்று எழுதிக் கொடுத்தவர்கள்

சீசன் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு நம் பெண்களின் ஹாக்கி ஆட்டம் பார்த்து, இன்று அதே பற்கள் தெரியச் சிரித்தபடி தலைமை ஏற்றிருக்கும் ரசிகர் மன்றத் தலைவர், பல் மருத்துவர் ஐயா அவர்களே! நடுவர் விசில் ஊதுமுன்பே தீர்ப்புச் சொல்லிவிடும் முன்வரிசைப் பெரியோர்களே! பெண்களை ஆட அனுப்பிவிட்டு, ஆடிய பெண்களைவிட அதிகமாக மூச்சுவாங்கிய தாய்மார்களே! டயர் கடைக்கு மேலே உள்ள இந்த அறையில், ரப்பர் வாடையையும் என் பேச்சையும் ஒருசேரப் பொறுத்துக்கொள்ள வந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே! அனைவருக்கும் என் அடக்கமான வணக்கம்.

எனக்கும் அடக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எலெக்ட்ரீஷியன் மாமா முணுமுணுப்பது மைக்கிலேயே கேட்கிறது. மாமா, உங்கள் சீட்டுக்கும் நடந்ததற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத்தான் நான் மேடை ஏறியிருக்கிறேன்.

சீசன் தொடங்குமுன், முதல் பயிற்சி ஆட்டம் முடிந்த அன்று, நாம் நாற்பத்து மூன்று பேரும் ஆளுக்கொரு சீட்டில் பேர் போடாமல் எழுதினோம். இரண்டே கேள்விகள். நம் பெண்கள் எப்படி ஆடுவார்கள்? நம் அணியில் ஓட்டை எங்கே? தலைவரின் செருப்புப் பெட்டியில் போட்டு ஒட்டினோம். இன்று பிரித்தோம். பன்னிரண்டு அணிகளில் நமக்குக் கடைசி இடம் என்று முப்பத்தெட்டுப் பேர் எழுதியிருக்கிறோம். வந்த இடமோ இரண்டு! பதினொரு ஆட்டங்களில் நாம் வாங்கிய கோல் வெறும் ஐந்து!

சலூன்காரர் அண்ணனின் சீட்டு இது என்று அவரே ஒத்துக்கொண்டார். “நமக்குக் கோல் விழாது.” நம் பெண்களுக்குக் கோல் போடத் தெரியாது என்று நினைத்து எழுதியது. இப்போது கேட்டால், நம் வலைக்குள் பந்து விழாது என்றுதானே அன்றே சொன்னேன் என்கிறார். வகிட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றுவது அவருக்குத் தொழில், பாவம்.

எலெக்ட்ரீஷியன் மாமாவும் அதையே எழுதியிருக்கிறார், நடுவே இடம்விடாமல்: “கோல்விழாது.” அது “கோல் விழா அது” என்று படிக்க வேண்டுமாம். மாமா, இரண்டு கம்பிகளை ஒட்டவைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கா நான் சொல்ல வேண்டும்?

சிரியுங்கள். சிரித்துவிட்டு யோசியுங்கள். எனக்குக் கோபமில்லை, குறுகுறுப்புத்தான். கண் இருந்தது, கண்ணாடி இருந்தது, கண்ணெதிரே ஆட்டமும் இருந்தது. இருந்தும் எப்படி இத்தனை பேர் ஒன்றாகத் தவறினோம்?

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். ஓட்டை எங்கே? நாற்பத்தொரு சீட்டுகளில் ஒரே பதில்: கீப்பர்.

கீப்பர் என் அக்கா. கடைசி வரிசையில், கதவை ஒட்டிய நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அணி அவளை அழைத்திருக்கிறது. இன்று ஆறு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். இப்போது மணி ஐந்து இருபது.

போகிறாயா என்று நேற்று கேட்டேன். ஜெர்சியை மடித்துக்கொண்டே சொன்னாள்: “இங்க பந்தைத் தடுத்தாலும் சல்லடைன்னுதான் கூப்பிடறாங்க. அங்க அந்தப் பேரு யாருக்கும் தெரியாது.”

அந்தப் பயிற்சி ஆட்டத்தில் அவள் ஏழு கோல் விட்டாள். பார்த்தோம். காலை நகர்த்தவில்லை, மட்டையை நீட்டவில்லை. பார்த்தோம். பார்த்ததை எழுதினோம். ஏன் என்று யாராவது கேட்டோமா? ஒரே ஒருத்தி கேட்டாள். மாடிப்படிக் கைப்பிடியில் கால் பேடுகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தவளிடம் கேட்டாள். அக்கா சொன்னாள்: “தடுத்தா பந்து மட்டும்தான் தெரியும். விட்டாத்தான் அடிக்கிறவ மணிக்கட்டு எப்படித் திரும்புதுன்னு தெரியும்.” கோச்சிடம் சொல்லிவிட்டுத்தான் ஏழையும் விட்டிருக்கிறாள். அவள் கோட்டைவிடவில்லை, ஐயா, கோட்டையின் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள்!

அதைக் கேட்டு ஒரு மணி நேரம் கழித்து, அந்த ஒருத்தி இங்கே வந்து எழுதிய சீட்டு இது. “நம்ம கீப்பர் ஒரு சல்லடை. அவள் பந்தைச் சலிப்பாள், பார்க்கிறவர்கள் சலிப்பார்கள்.” முதல் ஆட்டத்தில், கூட்டத்துக்குள் குனிந்துகொண்டு “சல்லடை” என்று கத்தியதும் அவளே. அந்தப் பேரை நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். குரல் வந்த திசையில் நின்ற எலெக்ட்ரீஷியன் மாமா மேல் பழி விழுந்தது. அக்கா அவரோடு நான்கு மாதம் பேசவில்லை. எங்கள் வீட்டு மோட்டார் நின்றபோது வந்து சரிசெய்தார், தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

கையெழுத்து என்னுடையது. குரலும் என்னுடையது.

முன்வரிசை எட்டிச் சீட்டைப் பார்க்கிறது. பரவாயில்லை. நீங்கள் தெரியாமல் தப்பாக எழுதினீர்கள். நான் தெரிந்தே எழுதினேன். ஏன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். எழுதினால் சிரிப்பார்கள் என்று தோன்றியது; கத்தியபோது நாற்பது பேர் என் சொல்லுக்கு ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. இதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

என்ன அண்ணா? சல்லடையில் கல் தங்கும், அதனால் அது நல்ல பேர்தான் என்கிறீர்களா? வேண்டாம் அண்ணா. இதற்கு வகிடு மாற்றாதீர்கள்.

கீப்பர் என்று எழுதியவர்கள் எழுந்து நில்லுங்கள். நாற்காலிகள் கிறீச்சிடட்டும். நான் ஏற்கெனவே நிற்பதால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்கா, நிமிர்ந்து பார். நாற்பத்தொரு பேர் நிற்கிறோம். போகாதே என்று சொல்ல எங்களுக்கு வாயில்லை. நீ என்ன செய்வாய் என்று ஊகித்துச் சீட்டெழுதவும் துணிவில்லை. அன்று கேட்டிருக்க வேண்டியதை இன்று கேட்கிறோம். நீ என்ன நினைக்கிறாய்?

மைக் வேண்டாமாம். பின்னால் கேட்காதவர்களுக்காக அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “நாளைக்குக் காலையில எல்லாரும் மைதானத்துக்கு வாங்க. ஒவ்வொருத்தரா என் பேடைக் கட்டிக்கிட்டு கோல்ல நில்லுங்க. நான் அடிக்கிறேன். யாராவது ஒருத்தர் ஒரு பந்தைத் தடுக்கிற வரைக்கும் நான் எங்கயும் போகல. முதல்ல என் தங்கச்சி நிக்கட்டும்.”

பெரியோர்களே! நம் திறமையை நான் அறிவேன்! நம்மில் ஒருவர் அவள் பந்தைத் தடுப்பதற்குள் இந்தக் கட்டடமே பழசாகிவிடும்! இல்லை, இல்லை, ஊகம் கூடாது. போய் நின்று பார்த்துத் தெரிந்துகொள்வோம்.

திட்டாமல் கேட்ட தலைமைக்கும், எழுந்து நின்ற முழங்கால்களுக்கும், நாளை மருந்து தடவப்போகும் தாய்மார்களுக்கும் நன்றி. வணக்கம். நடுவே கொஞ்சம் வழிவிடுங்கள். அக்கா எழுந்து வருகிறாள். மேடைக்கு இல்லை. எலெக்ட்ரீஷியன் மாமாவிடம்.