கையில் பந்தில்லாமல்

செருப்பைக் கழற்ற வேண்டாம் மேடம், தரை இன்னும் துடைக்கவில்லை. உள்ளே கூப்பிடவில்லையே என்று நினைக்காதீர்கள்; அறை சின்னது, இப்படி வாசலிலேயே பேசுவோம். வேன் டிரைவரை நிழலில் நிறுத்தச் சொல்லுங்கள். சாஃப்ட்பால் சங்கச் செயலாளரே நேரில் வந்திருக்கும்போது பதில் சொல்லாமல் அனுப்பினால் மரியாதையாக இருக்காது. என் தங்கையை பிசியோதெரபி மையத்துக்குக் கூட்டிப் போவதைப் பற்றி அப்புறம் பேசலாம். அந்தப் பயிற்சி ஆட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்டீர்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குழுவில் எல்லோரும் அவளைச் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட ஆரம்பித்தால் புழுதிதான் தெரியும், ஆள் தெரியாது. நான் கேட்சர், கனத்த உடம்பு, ஆகவே பெருச்சாளி. "எலிக்கு அக்கா பெருச்சாளி" என்று சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். எனக்குக் கோபமே வராது, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

எனக்குக் கேட்சிங் சொல்லிக் கொடுத்தது அப்பா. அவர் ஆடியது பேஸ்பால். அவர் காலத்தில் பந்து கேட்சரை நோக்கி வந்துகொண்டிருந்தால் போதும், ரன் எடுக்க ஓடி வருபவரின் வழியில் காலை ஊன்றி நிற்கலாம். மோதிக்கொண்டால் அது வந்தவர் பாடு. சாஃப்ட்பாலில் அது செல்லாது. பந்து கையில் இருக்க வேண்டும். கையில் பந்தோடு நிற்கும் என்னை அவள் வந்து இடித்தால் தப்பு அவளுடையது, அவள் அவுட். பந்தில்லாமல் நான் நின்றால் தப்பு என்னுடையது. அவள் செய்தால் இடையூறு, நான் செய்தால் தடை என்று விதிப் புத்தகத்தில் இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். அதே இடம், அதே கால், அதே முட்டி. யோசித்துப் பார்த்தால் உங்களுக்கே விசித்திரமாக இருக்கும்.

கிளப்பில் விசாரித்துப் பழக்கதோஷம் என்று முடித்துவிட்டார்கள். அப்பாவின் ஆட்டம் எனக்குள் ஊறிப்போனது, பந்து வருகிறது என்று நினைத்து நின்றுவிட்டேன் என்று. யானைக்கும் அடி சறுக்கும் என்று கோச் தோளில் தட்டிக் கொடுத்தார். நல்ல மனிதர்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் இல்லை. ஒரே பக்கமாகப் படுத்தால் புண் வந்துவிடும், அடிக்கடி புரட்டிப் போட வேண்டும். நான் தோளைப் பிடிப்பேன், தங்கை காலைப் பிடிப்பாள். ஒருத்தியாகவும் செய்து பார்த்திருக்கிறேன், மேடம். பாதி புரட்டியபோது கை வழுக்கிவிட்டது. அவர் முகம் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அவரால் கத்தவும் முடியவில்லை, என்னால் தூக்கவும் முடியவில்லை. மூச்சு முட்டாமல் தலையை மட்டும் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் வேலை முடிந்து வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் என்னை விடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்குத் தேசியக் குழுவில் இடம் கிடைத்தது. வேறு ஊர், விடுதி, கூடவே வேலையும். நான்தான் இனிப்பு வாங்கி வந்தேன். பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல், "அப்பாவ நீ பாத்துக்குவல்லக்கா?" என்றாள். கேட்ட மாதிரி இல்லை, முடிவைச் சொன்ன மாதிரி இருந்தது.

"பாத்துக்குறேண்டி, நீ நிம்மதியா போ" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? போகாதே என்றால் நான் கெட்டவளாகிவிடுவேன்.

மறுநாள் அந்த ஆட்டம். எங்கள் குழுவையே இரண்டாகப் பிரித்து ஆடவிட்டார்கள். அவள் மூன்றாவது பேஸைச் சுற்றிக்கொண்டு ரன் எடுக்க, நான் நின்ற ஹோம் பேஸை நோக்கி ஓடி வந்தாள். பந்து இன்னும் தூரத்தில், ஃபீல்டர் கையில் இருந்தது. எந்த பேஸுக்கு எறிய வேண்டும் என்று கத்திச் சொல்வது கேட்சர் வேலை. மைதானம் முழுக்கக் கண்ணுக்கு நேரே தெரிவது எனக்குத்தான். பந்தை அடித்தவள் இரண்டாவது பேஸுக்கு ஓடிக்கொண்டிருந்தாள்; நான் "ரெண்டு" என்று கத்தினேன். பந்து இரண்டாவது பேஸுக்குப் போனது. பந்து இனி என்னிடம் வராது என்று தெரிந்ததும் அவள் வேகத்தைக் குறைத்துக்கொண்டாள். வழக்கம்போல் தரையில் சறுக்கி வரவும் இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

ஆமாம், வராது என்று எனக்கும் தெரியும். கத்தியவளே நான்தானே. பந்து வந்தால் கண் பந்தின் மேல் போய்விடும், மேடம். எனக்கு அவள் முட்டியைப் பார்க்க வேண்டியிருந்தது. அவள் பாதம் தரையில் ஊன்றும் நேரம் பார்த்து, கேட்சரின் முழங்கால் காப்பு கட்டிய என் காலைக் குறுக்கே வைத்து, உடம்பின் கனத்தை அதன் மேல் போட்டேன்.

அம்பயர் உடனே இடது கையை நீட்டினார். ஆனால் ஆட்டத்தை நிறுத்தவில்லை. இந்த மாதிரித் தடைக்கு, நடப்பது நடந்து முடிந்த பிறகுதான் தீர்ப்பு. எல்லோரும் இரண்டாவது பேஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் என் காலடியில் வாயைத் திறந்தபடி கிடந்தாள், சத்தம் வரவில்லை. அப்புறம் அவளுக்கு அந்த ரன் உண்டு என்று அறிவித்தார். தடுக்காமல் விட்டிருந்தால் எது கிடைத்திருக்குமோ அதைக் கொடுத்துவிட வேண்டுமாம். கொடுத்துவிட்டார்கள்.

கொஞ்ச நாள் வீட்டில் இருப்பாள், அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்றுதான் நினைத்தேன். ஒன்றும் பிறக்கவில்லை. முட்டியைத் தினமும் மடக்கி நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் இறுகிப்போகும் என்றார் டாக்டர். நான் கை வைத்ததுமே "வலிக்குதுக்கா" என்பாள். தங்கைக்கு வலிக்கும்போது எந்த அக்காவுக்கு மனசு வரும்? விட்டுவிடுவேன். பிறகு அவளே "பரவால்லக்கா, மடக்கு" என்று கேட்டாள். எனக்குத்தான் தாங்கவில்லை. இப்போது மடங்குவதில்லை. கட்டில் விளிம்பில் உட்காரவைத்தால் அப்பாவின் காலை நன்றாகப் பிடித்துக்கொள்கிறாள். இரண்டு பேருமாகப் புரட்டிவிடுகிறோம். அவருக்கு முதுகில் புண் ஆறி வருகிறது.

உங்களை வரச் சொன்னது அவளேதான் என்கிறீர்கள். நான் குளிக்கப் போன நேரத்தில் என் போனை எடுத்திருப்பாள். சின்னப் பிள்ளை புத்தி. பெரியவர்களாகிய நீங்கள் அதைப் போய் நம்பி வேனோடு வந்துவிட்டீர்கள்.

நகரச் சொன்னால் எங்கே நகர்வது? நான் யார் மேலும் கை வைக்கவில்லை, மேடம். என் வீட்டு வாசலில் நிற்கிறேன், அவ்வளவுதான். உள்ளே கேட்பது வாக்கர் சத்தம். பாவம், காலை இழுத்துக்கொண்டு அவளே எழுந்து வருகிறாள். "அக்கா, வழிய விடுக்கா" என்று அழுகிறாள் பாருங்கள், அது வலியில் சொல்வது. அவளுக்கு எங்கேயும் போக இஷ்டமில்லை.