இந்தத் தடவை நீங்க படுங்க

தலைமை தாங்கும் பணிமனை மேலாளர் அவர்களே! தள்ளாடும் வயதிலும் தவறாமல் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்த தொழிலாளர்களே! பெற்றும் வளர்த்தும் பெரும்பாடு பட்டும் முகம் கோணாத தாய்மார்களே! பின்வரிசையில் பதுங்கியிருக்கும் கணவன்மார்களே, உங்களைத் தேடித்தான் வந்திருக்கிறேன்! அனைவருக்கும் வணக்கம்!

பேருந்துச் சக்கரங்களைக் கழற்றி மாட்டும் கை என் கை. மேடை எனக்குப் புதிது. ஆனால் நான் சொல்ல வந்தது என் சொந்த வீட்டுச் செய்தி!

எனக்கு இரண்டு பெண்கள். இளையவள் பிறந்த அன்று என் மனைவிக்கு உதிரம் நிற்கவில்லை. இரும்பைத் தூக்கும் இந்தத் தோள், பிரசவ அறையின் வெளிச்சுவரில் சாய்ந்து துவண்டது. பிழைத்தாள். "இன்னொரு பிரசவத்த அவங்க உடம்பு தாங்காது" என்றார் மருத்துவர்.

நான் என்ன செய்தேன்? "நீ ஏதாவது பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்! கருத்தடை மாத்திரை போட்டாள், மயங்கினாள். காப்பர்-டி வைத்தாள், வலியில் துடித்தாள், எடுத்துவிட்டாள். நான் வேடிக்கை பார்த்தேன். பிறகு ஒரு மாதம் நாள் தள்ளிப்போனது. வீடே நடுங்கியது. ஒன்றுமில்லை என்று தெரிந்த அன்று, அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு தடவ நான் படுத்தேன். இந்தத் தடவ நீங்க படுங்க. ஆம்பளைக்கும் ஆபரேஷன் இருக்கு."

"பலம் போயிடுமேடி!"

"ஊசியப் பாத்தாலே கண்ண மூடிக்கிற ஆளுக்கு எந்தப் பலம்?"

சிரிக்காதீர்கள் அம்மா! என் மனைவி மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறாள், இன்னும் உற்சாகமாகிவிடுவாள்!

போனேன். மரத்துப்போக ஊசி போட்டார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "எப்ப சார் ஆரம்பிப்பீங்க?" என்றேன். "முடிஞ்சிருச்சு, எந்திரிங்க!" என்றார் மருத்துவர். அன்றைக்கே வீடு திரும்பினேன். சில நாள் ஓய்வு. மூன்று மாதம் ஆணுறையோடு எச்சரிக்கை. பரிசோதனையில் எல்லாம் சரி!

பணிமனையில் பெயின்டர் கேட்டான்: "என்ன மாப்ளே, மீசை உதிருமாமே?"

"இழுத்துப் பாரு" என்றேன். இழுத்தே பார்த்துவிட்டான், பாவி! மறுவாரம் அவனே குழாயடியில் காதைக் கடித்தான்: "மாப்ளே, அந்த ஆஸ்பத்திரி எங்க இருக்கு?"

என்ன தம்பி, யாரந்த பெயின்டர் என்கிறீர்களா? சொல்ல மாட்டேன். மீசை மட்டும் நன்றாக இருக்கிறது!

தோழர்களே! கருவைச் சுமக்க நம்மால் முடியாது. கவலையைச் சுமக்கவுமா முடியாது? ஆணுறை உண்டு, அறுவை சிகிச்சை உண்டு, உரிய ஆலோசனை உண்டு. இல்லாதது எது? நம் அக்கறை அல்லவா! ஆண்மை என்பது அடக்குவதா? இல்லை! அதிகாரமா? இல்லை! அவள் அச்சத்தில் பாதியை அள்ளிக்கொள்வதே ஆண்மை!

நாட்காட்டியைப் பார்த்து நடுங்கியவள், இன்று அதில் பிள்ளைகளின் விடுமுறையைத் தேடுகிறாள். அவள் சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்கிறது. இன்று வீடு திரும்பும் வழியில் நீங்களும் மனைவியிடம் கேளுங்கள்: "இதுல நான் என்ன செய்யட்டும்?" கேட்டுவிட்டு அந்த முகத்தைப் பாருங்கள்!

மலரப்போகும் அந்த முகங்களுக்கெல்லாம் என் வணக்கம். செவி கொடுத்த உங்களுக்கு நெஞ்சார்ந்த நன்றி!