ஓட்டிப் பார்க்கக் கொடுத்த கார்

கோரிப்பாளையத்தில் சமயநல்லூர் பஸ் ஏறியதிலிருந்து, இறங்கும் இடத்தைத் தவறவிட்டுவிடுவேனோ என்ற பயத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் இரண்டு பேர், நாற்பது வயதிருக்கும். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னதைக் கேட்டதும் என் பயம் கொஞ்சம் மறந்துபோனது.

“ஓட்டிப் பாக்கக் குடுத்த காருக்கு எம் பொண்டாட்டி எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கிட்டா மாப்ள.”

“எது, அந்தச் சின்ன கரண்டு காருக்கா? நீ இன்னும் வாங்கவே இல்லியேடா!”

“கோயில் வாசல்ல நிறுத்துங்கன்னா, நிறுத்துனேன். பையில நாலு பழத்தோட வந்திருக்கா. கூட வந்த ஷோரூம் ஆளு, வண்டி வித்துருச்சுன்னு நெனச்சு அவனும் எறங்கிக் கும்புடுறான்.”

“இல்லப்பான்னு சொல்ல வேண்டியதுதான?”

“எப்படிச் சொல்ல? அவ அம்புட்டு சந்தோசமா நின்னா.”

“இப்பல்லாம் அந்த வண்டிதான் நல்லா போகுதாம். எங்க தெருவுலயே மூணு நிக்கிது. எடுத்துர வேண்டியதுதான?”

“சார்ஜ் போடணும்ல. நாங்க இருக்கிறது மாடி. கீழ ஒரு பிளக் வச்சுக்கிறோம்னு கேட்டா ஓனர் முடியாதுன்னுட்டாரு. காரை மாடிக்கா தூக்கிட்டுப் போக?”

மற்றவர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

“சரி, இப்ப என்னைய எங்க கூட்டிட்டுப் போற?”

“சமயநல்லூர்ல ஒரு வீடு காலியா இருக்காம். வாசல்லயே பிளக் இருக்காம். பாக்கப் போறோம்.”

“காரே இல்ல, அதுக்கு வீடு பாக்குறியா?”

“அவ நேத்தே போயி, வாசல அடி வச்சு அளந்துட்டு வந்துட்டா மாப்ள. கார் நின்னது போக, செருப்பு விடவும் எடம் இருக்காம்.”