இடது பாதத்துக் கொப்புளம்

எங்கள் வீட்டில் நல்ல வெளிச்சம் காலை எட்டு மணிக்கு, வாசற்படியில்தான் கிடைக்கும். அம்மாவை அங்கே உட்கார வைத்து, இரண்டு பாதங்களையும் என் மடியில் தூக்கி வைத்துப் பார்ப்பேன். சர்க்கரை நோயால் அவள் பாதங்களில் உணர்ச்சி போய்விட்டது. முள் குத்தினாலும் தெரியாது. தினமும் பார்க்க வேண்டும், விரல் இடுக்கையும் விடக்கூடாது என்று கிருமாம்பாக்கத்து ஆஸ்பத்திரி நர்சம்மா எனக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளியை விட்டதே இதற்காகத்தான். நான்கு வருடத்தில் ஒரு புண் வந்ததில்லை.

போன மாசியில் அண்ணி ஸ்டெல்லா ஒரு பாதப் பெட்டி கொண்டுவந்தாள். கால்களை உள்ளே வைத்தால் சூடும் அதிர்வும் வரும். செத்த நரம்பும் உயிர்பெறும் என்று விற்றவர் சொன்னாராம். எனக்கு அதிகம் பேச வராது. அன்று பேசினேன்.

"அம்மாவுக்குச் சூடு தெரியாதுண்ணா. வெந்தாகூடத் தெரியாது."

அண்ணன் அன்புராஜ் சிரித்தான். "வாங்க டாக்டரம்மா. நைன்த்துல எத்தினி மார்க்கு நீ?"

"பாப்பாவுக்குப் பொறாமை," என்றாள் அண்ணி, செல்லமாகத்தான். அது தவறு. நான் அக்கறையில்தான் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து விற்றவர் மறுபடி வந்தார். தெருப் பெண்களைக் கூட்டி உட்கார வைத்து, பெட்டியால் குணம் கண்டவர்களைச் சாட்சி சொல்ல வைத்து, செல்போனில் பிடிப்பது அவர் வழக்கம். அம்மா கோவிலுக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு பேசினாள்.

"எம் மருமவ ஸ்டெல்லாவாலதான் நடக்கறேன். பெத்தது ஒண்ணு வூட்லயே கெடக்குது, இன்னா பிரயோஜனம்? சோசியக்காரி மாறி காலத் தூக்கித் தூக்கிப் பாக்கும், அவ்ளோதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், டீ கொடுத்தேன். அந்த வீடியோவில் டம்ளர் நீட்டும் என் கை மட்டும் தெரிகிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை இடது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே, பட்டாணி அளவில் ஒரு கொப்புளம் பார்த்தேன்.

"இன்னாடி, இம்மாம் நேரம் பாக்கற?"

"ஒண்ணுமில்லமா."

யோசித்துத்தான் சொன்னேன். அன்றே காட்டியிருந்தால் களிம்பு தடவியிருப்பார்கள், நாலு நாளில் ஆறியிருக்கும். சூட்டைக் குறைத்து வைத்தால் போயிற்று என்று அண்ணி சொல்லியிருப்பாள். அவ்வளவு சின்னப் புண்ணைக் காட்டி யாருக்கும் எதையும் புரியவைக்க முடியாது. அதனால் பொறுத்திருந்தேன். கொப்புளம் உடைந்ததும் சாக்ஸ் மாட்டிவிட்டேன். வாடை வந்தபோது பவுடர் போட்டேன். மாலையில் பெட்டிக்குப் பிளக் செருகுவதும் நான்தான். கடைசி மூன்று நாள் சூட்டை முழுதாகக் கூட்டி வைத்தேன். பத்தாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து நினைவு தப்பியது.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை பேர் பார்க்க, அண்ணன் அண்ணியை அடித்தான். "எதுக்குடி கொண்டாந்த அந்தச் சனியன?" நான்தான் நடுவில் புகுந்து தடுத்தேன். "அண்ணி வேணும்னா செஞ்சாங்க? உடுண்ணா." அண்ணி என் தோளில் சாய்ந்து, "நீ அன்னிக்கே சொன்னியே பாப்பா," என்று அழுதாள். அதைக் கேட்க நன்றாக இருந்தது. அந்த வாரமே நல்லவாட்டில் உள்ள தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது அம்மாவைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் நான்தான். நான் இல்லாவிட்டால் அவள் கதி என்ன என்று ஒரு நாள் அவள் வாயாலேயே சொல்வாள் என்றிருந்தேன். நேற்று சொன்னாள், போனில், அண்ணியிடம். "நீ இல்லாம வூடு வூடாவே இல்லமா. எனக்கு யாரு இருக்கா? வந்துடு."

வலது குதிகாலில் ஒரு வெடிப்பு தொடங்கியிருக்கிறது. இதுவரை நான் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். என்னைப்போல அவளைக் கவனிக்க இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?